வயோதிகத்தில் ஞாபக சக்தியும் நிலத்தில் விளையும் ஆகாரமும்

திண்டுக்கல் சமவெளியிலுள்ள குடியானவர் குடும்பங்களில், எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை, எந்த வரப்பு எந்த ஆண்டில் நகர்ந்தது, எந்தக் கடனுக்கு எந்தச் சர்வே நம்பர் ஈடு வைக்கப்பட்டது என்பன போன்ற விவரங்களில் பாதி ஏட்டிலும், மறு பாதி வீட்டுப் பெரியவரின் ஞாபகத்திலும் இருந்து வருகின்றன. அந்த ஞாபகம் தளருமாயின் நஷ்டம் அவர் ஒருவருக்கு மாத்திரம் அன்று. செலுத்திய கடன் தவணையை மறுபடி செலுத்தப் போவதும், பூச்சிமருந்தின் அளவை மறந்து இருமுறை கலப்பதும், மோட்டாரை நிறுத்தாமல் வந்து விடுவதும், வாசித்துப் பாராமல் பத்திரத்தில் கையொப்பமிடுவதும் குடும்பம் முழுவதையும் பாதிக்கக் கூடியவை.

இருந்தும், "வயதானால் மறதி இயல்புதானே" என்று இதனைத் தள்ளிவிடுவதே பெரும்பாலோர் வழக்கமாக இருக்கின்றது. வயதேற ஏறப் பெயர்கள் நினைவுக்கு வரச் சற்றுத் தாமதமாவது இயல்பே. ஆனால் பழகிய பாதையை மறப்பதும், பழகிய கணக்கைத் தவற விடுவதும் இயல்பல்ல, நோயின் அறிகுறியாகும். அந்நோய்க்குரிய காரணங்களுள் ஒரு பகுதி ஆகாரத்தினாலும் பழக்கத்தினாலும் உண்டாவது. அவற்றைத் தடுப்பதற்கு வேண்டிய பொருள்களிற் பெரும்பாலன இந்த ஜில்லாவின் நிலங்களிலேயே விளைகின்றன. விளைந்தவை சந்தைக்குப் போய்விட, வீட்டில் எஞ்சுவது வெள்ளைச் சோறும் காப்பியுமாக இருப்பதே குறை.

மூளையும் இரத்தக் குழாய்களும்

மனித மூளையின் எடை உடம்பின் எடையில் ஏறக்குறைய நூற்றில் 2 பங்கே. ஆயினும் உடம்பு செலவிடும் சக்தியில் நூற்றுக்கு 20 பங்கு அளவை அது ஒன்றே ஏற்றுக் கொள்கின்றது. இச்சக்திக்குரிய சத்துக்களும் பிராணவாயுவும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் வழியாகவே மூளைக்கு வந்து சேர வேண்டும். வாய்க்கால் தூர்ந்து போனால், குளம் நிறைந்திருந்தாலும் கடைமடைப் பயிர் வாடுவதைப் போல, குழாய்கள் தடித்தும் அடைபட்டும் போனால் மூளை வாடும். இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, மிகுந்த கொழுப்பு, புகையிலை ஆகியவையே அக்குழாய்களைத் தூர்ப்பவை.

முதுமை மறதி நோய்களுள் பெருவாரியாகக் காண்பது அல்ஸைமர் நோய். ஜெர்மானிய வைத்தியர் அலாய்ஸ் அல்ஸைமர் 1906-ல் இதனை முதன்முதல் விவரித்தார். அதற்கு அடுத்தபடியாக நிற்பது இரத்தக் குழாய்க் கேட்டினால் வரும் மறதி. வயோதிகர் பலரிடம் இவ்விரண்டும் கலந்தே காணப்படுகின்றன. இந்திய தேசத்தில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இத்தகைய நோயுற்றிருப்பதாக 2023-ல் வெளியான ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டது. லான்ஸெட் என்னும் வைத்தியப் பத்திரிகையின் நிபுணர் குழுவினர் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், மாற்றக்கூடிய 14 காரணங்களைக் குறிப்பிட்டு, அவற்றை வாழ்நாள் முழுவதும் கவனித்து வந்தால் உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு 45 பங்கு நோயைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ இயலும் என்று கணக்கிட்டனர். இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, உடற்பருமன், புகைபிடித்தல், மிகு மது, கெட்ட கொழுப்பு, உடலுழைப்பின்மை ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. கவனியாது விட்ட காது மந்தமும் கண் மங்கலும், தனித்து வாழ்தலும் அவற்றோடு சேர்ந்துள்ளன.

சோதனைகள் காட்டுவது யாது?

ஆகாரத்தினால் ஞாபகம் தேறுமா என்பதைப் பல தேசத்தார் சோதித்துள்ளனர். பின்லாந்து தேசத்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நல்லாகாரம், தேகப்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, இரத்தக் கொதிப்பு முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் இரண்டாண்டு அளித்தனர். மற்றப் பிரிவினருக்குப் பொதுவான ஆலோசனை மாத்திரம் கூறினர். முதற் பிரிவினரின் அறிவாற்றல் கூடுதலாகத் தேறியது என்று 2015-ல் முடிவு வெளியாயிற்று. அதே ஆண்டில் ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனாவிலிருந்து வந்த சோதனையில், காய்கறி மிகுந்த உணவோடு தினம் 30 கிராம் கொட்டைப் பருப்புகளை உண்டவர்களுக்கு ஞாபக சக்தி நன்கு நின்றது. அங்கே அளித்தவை வாதுமை முதலியன, நிலக்கடலை அன்று. எனினும் நல்ல கொழுப்பும் புரதமும் நிறைந்தது என்ற வகையில் நிலக்கடலை அவ்வினத்தோடு சேர்த்து எண்ணத்தக்கதே.

இதற்கு மாறான முடிவும் உண்டு. அமெரிக்காவில் கீரை, பயறு, கொட்டைகள், மீன் ஆகியவற்றைக் கொண்டு மூளைக்கென்றே வகுத்த ஓர் உணவு முறையை 604 பேரிடம் மூன்றாண்டு சோதித்தனர். சாதாரண உணவையே சற்றுக் குறைத்து உண்டவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2023-ல் தெரிய வந்தது. இவற்றைச் சேர்த்து நோக்குமிடத்து விளங்குவது இது: ஆகாரம் தனித்து நின்று அற்புதம் செய்வதில்லை. உழைப்பு, நோய்க் கண்காணிப்பு, புகையிலை விலக்கு ஆகியவற்றோடு கூடி, பல ஆண்டு தொடர்ந்து நடைபெறும்போதே அது பயன் தரும். அறுபதில் தொடங்குவதினும் நாற்பதில் தொடங்குவது மேல்.

இதனால், ஒரே மூலிகை அல்லது ஒரே லேகியம் மறதியைத் தீர்க்கும் என்னும் விளம்பரங்களை நம்பிப் பொருளை இழக்க வேண்டியதில்லை என்பதும் பெறப்படும். வல்லாரையை ஞாபகத்திற்குரிய கீரையாக நம்மவர் நெடுங்காலமாகப் போற்றி வருகின்றனர். துவையலாகவும் கூட்டாகவும் அதனை உண்பது நன்றே. ஆனால் முற்றிய மறதி நோயை அது மாற்றும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. கீரைகளுள் ஒன்றாக அதனை உண்ணலாமேயன்றி, வைத்தியத்திற்குப் பதிலாகக் கொள்ளலாகாது.

விளைவதும் உண்பதும்

நீலகிரிக் குன்னூரில் ராபர்ட் மக்காரிஸன் என்பவர் தொடங்கிய ஆகார ஆராய்ச்சிச்சாலை, அரிசியைத் தீட்டத் தீட்ட அதன் மேலுறையிலுள்ள சத்துக்கள் தவிட்டோடு போய்விடுகின்றன என்பதைத் தென்னாட்டாருக்கு எடுத்துக் காட்டியது. அந்த ஆராய்ச்சிச்சாலை 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அந்நிறுவனம் 2024-ல் வெளியிட்ட ஆகார விதிகளில், 2,000 கலோரி உணவுக்கு நாளொன்றுக்குரிய அளவு பின்வருமாறு கூறப்பட்டுள்ளது: தானியம் 250 கிராம், கீரை உள்ளிட்ட காய்கறி 400 கிராம், பருப்பு பயறு வகை 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, பழம் 100 கிராம், கொட்டையும் வித்தும் 35 கிராம், எண்ணெய் நெய் 27 கிராம். வேலை குறைந்த வயோதிகருக்குத் தானியமும் எண்ணெயும் இன்னும் சற்றுக் குறையலாம். புரதமும் காய்கறியும் குறையலாகாது.

இந்த அளவுகளை இந்த ஜில்லாவின் விளைபொருள்களோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி லாரி லாரியாக வெளியூர் செல்கின்றது. வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கங்களில் முருங்கையும் மானாவாரிக் கடலையும் சோளமும் விளைகின்றன. ஆயக்குடிக் கொய்யாவும், நத்தம் மாவும், புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழையும் பேர்பெற்றவை. ஆயினும் காயைச் சந்தைக்கு அனுப்பும் வீட்டில் வயோதிகர் இலையில் விழுவது பெரும்பாலும் சோறும், நீர்த்த குழம்பும், ஊறுகாயுமே. பாலைச் சங்கத்திற்கு முற்றும் ஊற்றிவிட்டுக் காப்பிக்கு மட்டும் ஓர் ஆழாக்கு நிறுத்திக் கொள்ளும் வீடுகளும் உண்டு. விற்பதற்கு முன் வீட்டுப் பங்கை எடுத்து வைக்கும் வழக்கம் ஒன்றே இக்குறையைத் தீர்க்கப் போதுமானது.

கீரை: முருங்கைக்கீரை 100 கிராமில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு, சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் கூட உள்ளன. கீரைகளிலுள்ள போலேட் என்னும் ஜீவசத்து, இரத்த உற்பத்திக்கும் நரம்புகளுக்கும் இன்றியமையாதது. அதிக நேரம் வேக வைத்தாலும், வெந்த நீரைக் கொட்டிவிட்டாலும் இச்சத்து வீணாகும். இரும்பு உடம்பில் ஏறுவதற்கு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்வது நலம். சாப்பிட்டவுடன் காப்பி, தேநீர் அருந்துவது அதனைத் தடுக்கும்.

பயறு: துவரை, தட்டைப்பயறு, மொச்சை, அவரை, கொள் ஆகியவை சோளத்தோடும் கடலையோடும் ஊடுபயிராக வருவன. தனிப்பயிராகக் காசுப் பயிர்களை வைக்கத் தொடங்கிய பின், வரப்போர மொச்சை பல வீடுகளில் மறைந்தது. சோற்றைக் குறைத்துப் பயற்றைக் கூட்டினால் இரத்தத்தில் சர்க்கரை மெதுவாகவே ஏறும், புரதமும் கிடைக்கும்.

சிறுதானியம்: கம்பு, கேழ்வரகு, சாமை ஆகியவற்றில் நாரும் தாதுப்பொருள்களும் தீட்டிய அரிசியினும் அதிகம். ஆனால் இவையும் மாவுச்சத்தே. சாமைச் சோறாயினும் அளவுக்கு மிஞ்சினால் சர்க்கரை ஏறும். மினுக்கத் தீட்டிய சாமைக்கும் வெள்ளை அரிசிக்கும் வேற்றுமை குறைவு.

நிலக்கடலை: தினம் ஒரு கைப்பிடி, அவித்தோ எண்ணெயின்றி வறுத்தோ கொள்ளலாம். பூஞ்சணம் பிடித்த கடலையில் அப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாகும். அது ஈரலைக் கெடுக்கும். ஆதலின் காய்களை ஈரப்பதம் 8 சதவீதத்திற்கு மேற்படாமல் உலர்த்திச் சேமிக்க வேண்டும். கறுத்தவற்றையும் சுருங்கியவற்றையும் வீட்டு உபயோகத்திற்கென்று ஒதுக்கும் வழக்கம் விலக்கத்தக்கது. நல்ல காய் சந்தைக்கு, சொத்தை வீட்டுக்கு என்பது தவறான சிக்கனம்.

பல் விழுந்த பிறகு

வயோதிகர் சத்துணவை விடுவதற்குப் பெருங் காரணம் பல் இன்மையே. கடலையையும் சுண்டலையும் மெல்ல இயலாமல், காப்பியில் நனைத்த ரொட்டியும் இரசஞ் சாதமுமாகவே காலந் தள்ளுவோர் பலர். பொருளை மாற்றாமல் பதத்தை மாற்றுவதே இதற்கு வழி. கீரையைக் கடைந்தும், பயற்றை முளைகட்டி வேகவைத்து மசித்தும், வறுத்த கடலையைப் பொடித்துக் கூழிலும் சோற்றிலும் கலந்தும் கொடுக்கலாம். முருங்கைக்காயின் சதையை வழித்துக் கூட்டில் சேர்க்கலாம். பல் கட்டிக் கொள்வதும் ஆகாரச் செலவில் ஒன்றாகவே எண்ணத்தக்கது.

நிலத்தில் விளையாத ஒரு சத்து

மேற்கூறியவை யாவும் கிடைத்தாலும், பி-12 என்னும் ஜீவசத்து செடிகொடிகளிலிருந்து கிடைப்பதில்லை. பால், தயிர், முட்டை, மீன், மாமிசம் ஆகியவற்றிலேயே அது உள்ளது. அது குறைந்தால் இரத்தசோகை, கால் மரத்துப் போதல், நடை தள்ளாடுதல், மறதி, மனக்குழப்பம் ஆகியவை உண்டாகும். ஒருவருக்கு வேண்டியது நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகமே. ஆயினும் மரக்கறி உணவினர் பலரிடம் இது குறைவாகவே காணப்படுகின்றது. வயதானவர்களின் இரைப்பையில் அமிலம் குறைவதால் உண்டதும் சரிவர ஏறுவதில்லை. நீரிழிவுக்கு மெட்பார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்வோருக்கும் இக்குறை வருவதுண்டு.

மாமிசம் உண்போர் வாரம் இருமுறை அயிரை, கெண்டை போன்ற மீன்களையும், முட்டையையும் சேர்த்துக் கொள்ளலாம். உண்ணாதோர் பால், தயிர், மோர் ஆகியவற்றைத் தவறாது கொள்ள வேண்டும். மறதி தோன்றியவருக்கு இரத்தத்தில் பி-12 அளவையும் தைராய்டு நிலையையும் சோதித்துப் பார்ப்பது அவசியம். இவ்விரண்டினால் வந்த மறதி, காலத்தில் கண்டு கொண்டால் பெரும்பாலும் தேறக்கூடியது. கண்டு கொள்ளாமல் நாட்கடத்தினால் நரம்புக்கேடு நிலைத்து விடும்.

குறைக்க வேண்டியவை

உப்பு: உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த அளவு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குட்பட்டது, அதாவது தேக்கரண்டி ஒன்று. அப்படியாயின் பெரியவர் நால்வர் உள்ள வீட்டிற்கு மாதம் 600 கிராம் உப்பு போதும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும். மாதந்தோறும் எத்தனை பாக்கெட் உப்பு வீட்டுக்கு வருகின்றது என்று பார்த்தாலே நிலைமை விளங்கும். குறைக்கும் உப்பு அயோடின் கலந்ததாக இருக்க வேண்டும்.

சர்க்கரை: நாளொன்றுக்கு ஐந்தாறு முறை அருந்தும் காப்பி, தேநீரில் சேரும் சர்க்கரையைக் கணக்கிடுவோர் சிலரே. வெல்லமும் கருப்பட்டியும் நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரையே ஆகும்.

புகையிலை: சுருட்டுக்கும் மெல்லும் புகையிலைக்கும் பேர்பெற்றது திண்டுக்கல். 1948-ல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றிய இடம் வேடசந்தூர். பயிரிடும் பழக்கத்தோடு, வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் பழக்கமும் இங்கே வேரூன்றியுள்ளது. புகைப்பது மூளையின் இரத்தக் குழாய்களைக் கெடுப்பது. மெல்லுவது வாய்ப்புற்றுக்கு வழி. இரத்தக் கொதிப்பையும் ஏற்றும். விற்பதற்கு விளைவிப்பது வேறு. தாம் உட்கொள்வது வேறு.

மது: மிதமிஞ்சிக் குடித்துச் சரிவர உண்ணாதவர்களுக்கு பி-1 என்னும் ஜீவசத்து அற்றுப்போய், அன்று நடந்ததும் நினைவில் நில்லாத கொடிய மறதி வருவதுண்டு.

ஒரு நாளைய ஆகாரம்

காலையில் மோர் கலந்த கேழ்வரகு அல்லது கம்பங்கூழும் ஒரு கிண்ணம் சுண்டலும். அல்லது இட்லியும் காய்கள் மிகுந்த சாம்பாரும். நடுப்பகலில் அளவான சோறு, கெட்டியான பருப்புக் குழம்பு, கீரைக் கடைசல், ஒரு காய்ப் பொரியல், மோர். மாலையில் ஒரு கைப்பிடி கடலையும் ஒரு கொய்யாவும். இரவில் சோளத் தோசை அல்லது சாமை உப்புமா, துவையல், ஒரு டம்ளர் பால். திண்டுக்கல்லின் பேர்பெற்ற சீரகச் சம்பா பிரியாணி விசேஷ நாளுக்குரியதாகவே இருக்கட்டும்.

கவனம் சிதறாமலிருக்க, உண்ணும் வேளையும் தவறலாகாது. நீரிழிவு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு காலை ஆகாரத்தைத் தள்ளிப் போட்டால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, தலைசுற்றலும் பேச்சுக் குழறலும் உண்டாகும். வயோதிகருக்குத் தாக உணர்ச்சி குறைவாதலால், சித்திரை வைகாசி வெயிலில் நீர் வற்றி மனக்குழப்பம் ஏற்படுவதுண்டு. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் நீரும் மோரும் கொடுத்து வர வேண்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் இவ்வளவுகளை வைத்தியரைக் கேட்டே கொள்ள வேண்டும்.

ஒரு சென்ட் வீட்டுத் தோட்டம்

கிணற்றடியில் ஒரு சென்ட் நிலம் ஒதுக்கினால், வீட்டு வயோதிகர்களுக்கு வேண்டிய கீரை ஆண்டு முழுவதும் கிடைக்கும். வடபுற ஓரத்தில் இரண்டு முருங்கை வைக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-ல் வெளியான பி.கே.எம். 1 ரகம் விதையிட்ட ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். இரண்டரை அடி உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகி இலையும் எட்டும் உயரத்தில் நிற்கும். அரைக்கீரை, தண்டுக்கீரை, சிறுகீரைப் பாத்திகளைப் பதினைந்து நாள் இடைவிட்டு மாற்றி மாற்றி விதைக்க வேண்டும். தொட்டி நீர் வழியும் ஈரமான இடத்தில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் படரும். ஆடிப் பட்டத்தில் வேலியோரம் அவரையும் மொச்சையும் ஊன்றலாம். பருத்தி, மிளகாய், தக்காளிப் பயிர்களுக்கு அடிக்கும் மருந்து காற்றில் வந்து படும் தூரத்தில் இப்பாத்திகள் அமையலாகாது. இத்தோட்டத்தைப் பெரியவர் பொறுப்பிலேயே விடுவது சிறப்பு. விதைத்த தேதியை நினைவில் வைப்பதும், குனிந்து நிமிர்ந்து வேலை செய்வதும் அவருடைய மூளைக்கும் உடலுக்கும் ஒருங்கே பயிற்சியாகும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

1. ஒரே விஷயத்தைப் பன்முறை விசாரிக்கும் வயோதிகரைப் பிடிவாதக்காரர் என்று எண்ணாமல், குடும்பத்தாரிடம் தெரிவித்து வைத்தியரிடம் காட்டச் சொல்ல வேண்டும்.

2. பட்டா மாறுதல், அடமானம், கிரயம் ஆகியவற்றில் முதியவர் கையொப்பமிடும்போது, விஷயத்தை அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் விளங்கிக் கொண்டதை அவர் வாயாலேயே சொல்லக் கேட்பது நலம்.

3. கிராமசபைக் கூட்டங்களில், 30 வயதிற்கு மேற்பட்டோர் இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் சோதித்துக் கொள்ளத் தூண்ட வேண்டும். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இச்சோதனைகளையும் மருந்துகளையும் வீட்டு வாசலுக்கே கொண்டு வருவதற்காக ஏற்பட்டது.

4. முகம் கோணுதல், ஒரு கை சோர்தல், பேச்சுக் குழறுதல், திடீர்க் குழப்பம் ஆகியவை தோன்றினால் அது பக்கவாதமாக இருக்கலாம். கைவைத்தியம் செய்து நேரத்தைப் போக்காமல் உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள்ளேயே போடத்தக்கது.

நிலத்திற்கு உரமிடுவதில் ஆண்டு தவறாத குடியானவர், விதை நெல்லையும் விதைக்கடலையையும் முதலில் ஒதுக்கி வைத்த பின்னரே மற்றதை விற்கின்றார். வீட்டுப் பெரியவரின் இலைக்குரிய கீரையும் பயறும் பாலும் அதே விதமாக முதலில் ஒதுக்கப்படுமாயின், நிலத்தின் கணக்கை அறிந்த அறிவு இன்னும் பல ஆண்டு அந்த நிலத்திற்குத் துணை நிற்கும்.